பூர்வீக வீட்டுக்கு வரலாற்றுப் பலகை: முதலில் தீர்க்க வேண்டியது எது?

திருவண்ணாமலையில் மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில் திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. கிரிவலக் கூட்டம் பெருகப் பெருக, தங்கும் விடுதிகள் எழுகின்றன. இந்நிலையில் பூர்வீக வீட்டை வைத்திருப்பவர்களிடம் இரண்டு விதமான பேச்சு உண்டு. ‘வரலாற்றுச் சிறப்புள்ள வீடு என்று அரசிடம் பலகை வாங்கிவிட்டால் காப்பாற்றிவிடலாம்’ என்பது ஒன்று. ‘பலகை மாட்டினால் வீடே கையைவிட்டுப் போய்விடும்’ என்பது மற்றொன்று. நம் குடும்பங்களுக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் இரண்டையும் நிதானமாகப் பார்ப்போம்.

அச்சத்துக்கு இவ்வூரிலேயே ஒரு பின்னணி உண்டு. 2002இல் அருணாசலேஸ்வரர் கோயிலைத் தேசியச் சின்னமாக்க இந்தியத் தொல்லியல் துறை முற்பட்டபோது ஊர் மக்கள் எதிர்த்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, இறுதியில் அத்துறை பின்வாங்கியது. மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு முன் அனுமதி தேவை. ஆகவே அந்த அச்சத்தை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒரு வீட்டின் பலகை வேறு. திப்பு சுல்தானின் வழிவந்தவரும், இரண்டாம் உலகப் போரில் நாஜிகளால் கொல்லப்பட்டவருமான நூர் இனாயத் கான் வாழ்ந்த லண்டன் வீட்டில் 2020இல் நீலப் பலகை பதிக்கப்பட்டது. அது நினைவைச் சொல்லும். கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு எதையும் தராது. பாதுகாப்பு வேண்டுமானால் அரசின் பாரம்பரியப் பட்டியலில் வீடு இடம்பெற வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. பட்டியலில் வந்தாலும் உடைமை மாறாது. ஆனால் நினைத்தபடி இடிக்கவோ மாற்றவோ முடியாது.

அரசு வீட்டையே எடுத்துக்கொள்வது மூன்றாவது வழி. ஜெயலலிதாவின் வேதா நிலையத்தை நினைவில்லமாக்க 2020இல் தனிச் சட்டமே வந்தது. 2021 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலை ரத்து செய்து, வீட்டை வாரிசுகளிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. வாரிசுகள் யார் என்பதை நீதிமன்றம் ஏற்கெனவே உறுதி செய்திருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது.

நாம் சொல்ல வருவது இங்கேதான் இருக்கிறது. நம்மில் எத்தனை வீடுகளின் பத்திரம் இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது? எத்தனை சகோதரிகளுக்குப் பங்கு ‘பிறகு பார்க்கலாம்’ என்று நிற்கிறது? அந்த நிலையில் ஒரு சகோதரர் மட்டும் விண்ணப்பித்து வீட்டைப் பட்டியலில் சேர்த்தால், நினைத்தபடி இடிக்கவோ மாற்றவோ முடியாமல் மற்றவர்களின் ஹக்கு முடங்கும். சூரா அந்நிஸாவில் அல்லாஹ் நிர்ணயித்த பங்கைக் கொடுக்காமல் முன்னோரின் பெருமையைச் சுவரில் பதிப்பதில் என்ன பரக்கத் இருக்கும்? வீட்டைக் குடும்ப வக்ஃபாக்கிவிடலாம் என்று நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: பெண் வாரிசுகளின் உரிமையைப் பறிக்கும் குடும்ப வக்ஃபை 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம் ஏற்பதில்லை. ஷரீஅத் இதை என்றோ சொல்லிவிட்டது.

ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் அவர்களின் பூர்வீக வீடு அருங்காட்சியகமாகி, உலகெங்கிலுமிருந்து வருவோரை வரவேற்கிறது. குடும்பம் ஒருமனப்பட்டால் ஒரு வீடு ஊரின் சொத்தாகவே மாற முடியும் என்பதற்கு அது சான்று.

ஆகவே முதலில் வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை, பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். பெண்மக்களின் பங்கைக் கையில் கொடுங்கள். அல்லது அவர்கள் மனமுவந்து தரும் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். வீட்டைக் கட்டியவர் யார், எந்த ஆண்டு, அங்கே என்ன நடந்தது என்பதைப் பழைய பத்திரம், கடிதம், புகைப்படங்களோடு தொகுத்து வையுங்கள். விண்ணப்பம் அதன் பிறகு வரட்டும். பலகை கிடைக்காமல் போனாலும், உரியவருக்கு உரியதைக் கொடுத்த வீடு என்ற பெயர் நிலைக்கும், இன்ஷா அல்லாஹ்.