போகாது என்று சொல்லுங்கள், தோழர்களே!

நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிற செய்தி இல்லை இது. இன்றே பேசுங்கள். இந்த ஷிப்ட் முடியும் முன் பேசுங்கள்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பராமரிப்பு வேலை நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே உத்தரவில் போகவில்லை. துண்டு துண்டாகப் போகிறது. சத்தமில்லாமல் போகிறது. நாமும் சத்தமில்லாமல் நிற்கிறோம்.

எப்படிப் போகிறது, பாருங்கள். ஒரு மெக்கானிக் ஓய்வு பெறுகிறார். மாலை போடுகிறோம். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. அடுத்து ஓர் எலக்ட்ரீசியன் போகிறார். ஆள் வரவில்லை. அடுத்து ஒரு டயர்மேன். அந்த இடமும் காலி. கடைசியில் சொல்கிறார்கள்: ஆள் இல்லை, வேலை தேங்குகிறது, வெளியே விட்டுவிடலாம். ஆள் எடுக்காதவர்கள் யார்? அப்படிச் சொல்கிறவர்களேதான்!

கழகங்களின் சொந்தப் பிரிவுகளில் நம் தச்சர்களும் வெல்டர்களும் பெயின்டர்களும் பஸ்ஸுக்குக் கூடு கட்டிய காலம் உண்டு. இன்று புது பஸ்களுக்குத் தனியார் கூடு கட்டுகிறார்கள். அது பாடி பில்டிங் பிரிவின் பாடு என்று மற்றப் பிரிவுகள் இருந்துவிட்டன. பஸ் கழுவுகிற வேலையில் ஒப்பந்த ஆட்கள் வந்தார்கள். அது கிளீனிங்தானே என்று இருந்துவிட்டார்கள். இப்போது குறி நம் பிட் மேல். நம் ஸ்பேனர் மேல்.

2025 ஜூன் 30. சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. புகையில்லாத பஸ் வரட்டும், வரவேற்போம். ஆனால் அந்த பஸ்ஸின் டிரைவர் யார்? தனியார் நிறுவனத்தின் ஆள். பராமரிப்பு யார் கையில்? தனியார் நிறுவனத்தின் கையில். கண்டக்டர் மட்டுமே கழகத்தின் ஆள். பணிமனை நம்முடையது. வழித்தடம் நம்முடையது. பயணிகள் நம்மவர்கள். வண்டி மட்டும் அவர்களுடையது! ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கட்டுகிறது.

கிலோமீட்டருக்கு விலை பேசி முடித்தாயிற்று. இனி லாபம் எங்கிருந்து வரும்? மாற்ற வேண்டிய பிரேக் லைனிங்கை இன்னும் ஒரு வாரம் ஓட்டுவதிலிருந்து வரும். மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டுவதிலிருந்து வரும். பி.எஃப். கட்டாமல் இழுத்தடிப்பதிலிருந்து வரும். நல்ல முதலாளி, கெட்ட முதலாளி என்ற பேச்சே இதில் இல்லை. ஒப்பந்தத்தின் கணக்கு அப்படித்தான் போடப்படுகிறது.

தோழர்களே, பராமரிப்பு என்றால் என்ன என்று ஊருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

கடைசி ட்ரிப் முடிந்து இரவில் வண்டிகள் உள்ளே வருகின்றன. விடியுமுன் முதல் வண்டி வெளியேற வேண்டும். அந்தச் சில மணி நேரம்தான் நம் நேரம். பிரேக் இழுக்கிறது என்று டிரைவர் எழுதியிருப்பார். கியர் விழவில்லை என்று எழுதியிருப்பார். விளக்கைப் பிடித்துக்கொண்டு பிட்டுக்குள் இறங்குகிறோம். பார்க்கிறோம். சரி செய்ய முடிந்தால் செய்கிறோம். முடியாவிட்டால் ஒரே வார்த்தை சொல்கிறோம்: வண்டி போகாது!

அந்த வார்த்தையில்தான் அறுபது பேர் உயிர் இருக்கிறது. மேனேஜர் முறைத்தாலும் சொல்லலாம். ட்ரிப் கட் ஆனாலும் சொல்லலாம். ஏன் சொல்ல முடிகிறது? நாளைக் காலையில் நம்மை வாசலோடு திருப்பி அனுப்ப முடியாது. நமக்குச் சங்கம் இருக்கிறது. பணி நிரந்தரம் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் நிற்கும் தம்பியால் அதைச் சொல்ல முடியுமா? வண்டி நின்றால் அவன் முதலாளிக்குக் கிலோமீட்டர் போகும். கிலோமீட்டர் போனால் அவன் வேலை போகும். அவனிடமிருந்து பறிக்கப்படுவது சம்பளம் மட்டுமா? போகாது என்று சொல்லும் உரிமையும் பறிக்கப்படுகிறது!

2024 பிப்ரவரியில் என்ன நடந்தது? சென்னை அமைந்தகரையில் ஓடும் பஸ்ஸின் தரைப்பலகை உடைந்து, ஒரு பெண் ஓட்டைக்குள் விழுந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்? திருச்சியில் பஸ் வளைவில் திரும்பும்போது இருக்கை கழன்று, கண்டக்டர் இருக்கையோடு சாலையில் போய் விழுந்தார். இருவரும் உயிர் தப்பினார்கள். எல்லா அரசு பஸ்களையும் 48 மணி நேரத்தில் சோதிக்கச் சொல்லி உத்தரவு பறந்தது. அந்த 48 மணி நேரமும் பிட்டுக்குள் கிடந்தது யார்? நாம்தான்!

இதைக் காட்டியே நம்மை அடிப்பார்கள். அரசு ஆள் ஒழுங்காகப் பார்ப்பதில்லை, தனியாரிடம் கொடு என்பார்கள். பதில் சொல்லுங்கள். வயதான வண்டியை யார் ஓட்டச் சொன்னது? ஸ்பேர் கேட்டு எழுதிய கடிதம் எங்கே கிடக்கிறது? காலியிடத்தை யார் நிரப்பவில்லை? உரக்கக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

தனியாரிடம் விட்டவர்கள் என்ன கண்டார்கள் என்றும் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ரயில்வேயை உடைத்து விற்றார்கள். தண்டவாளப் பராமரிப்பை ஒப்பந்தக்காரர்களிடம் விட்டார்கள். 2000 அக்டோபர் 17 அன்று ஹாட்ஃபீல்டில் தண்டவாளம் நொறுங்கியது. ரயில் தடம் புரண்டது. 4 பேர் செத்தார்கள். விரிசல் முன்பே தெரியும். மாற்றுத் தண்டவாளம் பக்கத்திலேயே வந்து கிடந்தது. யாரும் மாற்றவில்லை! ஒருவர் பார்க்க வேண்டும், இன்னொருவர் மாற்ற வேண்டும், மூன்றாமவர் பணம் கட்ட வேண்டும். பொறுப்பு மூவருக்கும் நடுவில் விழுந்து செத்தது. 2004-க்குள் அந்தப் பராமரிப்பு முழுவதையும் ஒப்பந்தக்காரர்களிடமிருந்து திரும்பப் பெற்றார்கள். அவர்கள் உயிர்களைக் கொடுத்துப் படித்த பாடம் அது. நாமும் உயிர்களைக் கொடுத்துத்தான் படிக்க வேண்டுமா?

தோழர்களே, இந்தக் கழகங்கள் யாரோ போட்ட பிச்சை இல்லை. 1972-இல் பல்லவன், பாண்டியன், சோழன், சேரன் என்று பிறந்தன. லாபம் வராத ஊருக்கும் பஸ் போனது. மலைக்குப் போனது. கடைக்கோடிக்குப் போனது. நம் சம்பளத்தில் பிடித்த பணத்தில் பெருந்துறையில் ஒரு மருத்துவக் கல்லூரியே எழுந்தது! இன்று எட்டுக் கழகங்கள். அவற்றைத் தூக்கி நிறுத்தியவை நம் கைகள்.

இத்தனை தெரிந்தும் ஏன் மௌனம்?

எனக்கு இன்னும் மூன்று வருடம்தான் சர்வீஸ் என்கிறார் ஒரு தோழர். தோழரே, அந்த மூன்று வருடத்தில் உங்கள் இடத்தை விற்றுவிடுவார்கள். உங்கள் மகனைப் போல ஐ.டி.ஐ. முடித்தவன், அப்ரண்டிஸ் முடித்தவன், எந்த வாசலில் போய் நிற்பான்? ஓய்வூதியம் வந்தால் போதும் என்கிறீர்கள். வேலை செய்யும் ஆள் இல்லாத கழகத்தில் உங்கள் பாக்கிக்காக யார் போராடுவார்கள்?

ஆளுங்கட்சிச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். எந்த ஆட்சி வந்தாலும் காலியிடம் காலியாகவே கிடக்கிறது, தோழரே! தொ.மு.ச., சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., அண்ணா தொழிற்சங்கம், எந்தக் கொடியையும் வீட்டில் மடித்து வைக்க வேண்டாம். எல்லாக் கொடிகளும் ஒரே வாசலில் நிற்கட்டும். 2018 ஜனவரியில் 8 நாள் நின்றோமே, அப்படி நிற்கட்டும்.

அந்த ஒப்பந்தத் தம்பியை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவன் நம் தோழன். அதே கிரீஸ், அதே இரவு, அதே வேலை. சம்பளம் மட்டும் வேறு. தமிழ்நாட்டில் 1981-இலேயே சட்டம் போட்டார்கள்: 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவருக்குப் பணி நிரந்தரம். கான்ட்ராக்டர் மாறுகிறார், சட்டை மாறுகிறது, அவன் கணக்கு மட்டும் எங்கும் ஏறுவதில்லை. அவனிடம் போங்கள். பெயர் கேளுங்கள். அவன் நாட்களைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். அவனை விட்டுவிட்டு நாம் மட்டும் தப்பிக்கும் வழி கிடையாது.

இப்போது என்ன செய்வது?

வாயிற்கூட்டம் போடுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் போடுங்கள். கையெழுத்து வாங்குங்கள். டெக்னிக்கலில் மட்டும் வாங்காதீர்கள். டிரைவர், கண்டக்டர், அலுவலகம், செக்யூரிட்டி, எல்லாரிடமும் வாங்குங்கள். நம் பணிமனையில் எத்தனை இடம் காலி என்று எண்ணுங்கள். வாசலில் எழுதி ஒட்டுங்கள். கோளாறு உள்ள வண்டியை வாய்மொழி உத்தரவுக்கு வெளியே விடாதீர்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால் வண்டி போகாது!

பயணிகளிடம் பேசுங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண பஸ்ஸில் கட்டணமில்லாமல் போகும் பெண்களிடம் பேசுங்கள். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் பூக்கடைக்கும் போகிற அம்மாக்கள் அவர்கள். இந்த பஸ் போய்விட்டால் அவர்கள் கூலியும் போகும். அவர்களைவிட நல்ல துணை நமக்கு வேறெங்கும் கிடைக்காது.

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். சார்ஜ் மெமோ வரலாம். டிரான்ஸ்பர் வரலாம். தனியாக நிற்பவனுக்குத்தான் அது தண்டனை. பணிமனையே நின்றால் எத்தனை மெமோ அடிப்பார்கள்?

இன்று பேசாதவருக்கு நாளை பேச இடமிருக்காது. இன்று கையெழுத்துப் போடாதவர் நாளை கைகட்டி நிற்பார். டெண்டர் திறந்த பிறகு அழுது பயனில்லை.

காலியிடங்களை நிரப்பு! பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விடாதே! ஒப்பந்தத் தோழர்களை நிரந்தரமாக்கு!

பக்கத்தில் நிற்கும் தோழரைக் கூப்பிடுங்கள். வாசலுக்கு வாருங்கள். இப்போதே வாருங்கள்!