ஹெண்டிகெப் வைத்தால் அநியாயமா?



எமது கழகத்தின் ஓரியன்டியரிங் லீக்கில், வரைபடமும் திசைகாட்டியுமாக ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் அதே மூன்று தம்பிமார்தான் முன்னுக்கு. காக்காமார் இரண்டு சுற்றோடு நின்றுவிட்டார்கள். "ஹெண்டிகெப் வைப்போம்" என்றால், "கஷ்டப்பட்டு ஓடியவனின் வெற்றியைப் பறிப்பதா?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அவுஸ்திரேலியாவில் 1878இல் தொடங்கிய ஸ்டாவெல் கிஃப்ட் ஓட்டத்தில், திறமைக்கேற்ப முன்பின்னாக நின்றுதான் புறப்படுகிறார்கள். அது சலுகை அல்ல, போட்டி.

சுற்றுக்குச் சுற்று பாதை மாறுவதால், பழைய நிமிடங்களை அப்படியே ஒப்பிட முடியாது. முதலாமவரின் நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். வழமையாக அவரைப்போல் இரு மடங்கு நேரம் எடுக்கும் காக்கா, அவர் 30 நிமிடத்தில் முடித்த நாளில் 54 நிமிடத்தில் வந்தால், பாதியாக்கி 27 என்று கணக்கு. அன்றைக்குத் தன்னை வென்றவர் காக்காதான்.

வேண்டுமென்றே மெதுவாக ஓடிச் சலுகை சேர்ப்பவர்களும் வருவார்கள். ஆகவே ஒவ்வொருவரின் சிறந்த சுற்றுகளை வைத்தே கணக்கிடுவோம். விதியை லீக் தொடங்க முன்னரே எழுதி ஒட்டுவோம். அசல் நேரத்துக்கும் தனிப் பரிசு இருக்கட்டும்; தம்பிமாரின் வெற்றி அவர்களுக்கே.

அளவையில் நேர்மை நமக்குப் புதிதல்லவே. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த லீக்கில் காக்காமாரும் ஓடட்டும்.