ஒத்திவைத்த சமாதானம்

பாலஸ்தீன சமாதானப் பேச்சுக்கும் மதுரை ஜில்லாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம். சமயநல்லூருக்கு அண்மையில், ஆனையூரில், இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கே பிறந்த குழந்தைகளே இன்று பெற்றோராகிவிட்டனர்.

1993-ல் நார்வேயின் மத்தியஸ்தத்தால் இஸ்ரவேலரும் பாலஸ்தீனரும் உடன்படிக்கைக்கு வந்தனர். ஜெருசலேம், எல்லை, யூதக் குடியேற்றம், அகதிகள் ஆகிய மூல விவகாரங்களோ ஐந்து வருஷ கெடுவிட்டு ஒத்திவைக்கப்பட்டன. கெடு கடந்தது; குடியேற்றம் பெருகிற்று.

அதே நார்வே 2002-ல் இலங்கைச் சர்க்காரையும் விடுதலைப் புலிகளையும் கூட்டிவைத்தது. டிசம்பரில், ஆஸ்லோ நகரில், சமஷ்டி முறையை ஆராய இரு தரப்பாரும் இசைந்தனர். ஆராய்ந்தார்களா? அதுதான் இல்லை. அவகாசம் ஆயுதம் சேர்க்கவே உதவிற்று. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை நிறுத்தினர். 2008-ல் சர்க்கார் போர்நிறுத்தத்தைக் கைவிட்டது. 2009 மே மாதம் முடிந்த யுத்தத்தில் பல்லாயிரம் குடிகள் மாண்டனர். இரு கட்சியாரும் குற்றவாளிகளே. மத்தியஸ்தரையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை.

சுலபமானதை முதலில் பேசுவோம் என்பது வக்கீல் யுக்தி. வாய்தாவினால் லாபமடைபவன் வலியவனே. பாலஸ்தீன விஷயத்தில் இனி மத்தியஸ்தம் செய்ய வருவோர், எவராயினும், எல்லையையும் அகதிகளையும் முதற் கூட்டத்திலேயே விவாதத்துக்கு எடுக்கவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.