படம் திரும்பி வந்தது, பெயர் வரவில்லை

திருகோணமலையில் கொம்பியூட்டர் திருத்தக் கொடுத்த யாருக்கும் இந்த வசனம் பழக்கமாய் இருக்கும்: “சி டிரைவ் மட்டுந்தான் ஃபோர்மட் பண்ணுவம், மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கும்.” வைரஸ் என்றாலும் ஃபோர்மட், மெதுவாய் ஓடினாலும் ஃபோர்மட். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தினபிறகு, விண்டோஸ் 11க்கு மாற்றுகிற வேலையும் இதோடு சேர்ந்துவிட்டது. ஆனால் வீட்டுப் படங்கள் அநேகமாய் இருப்பது அந்த சி டிரைவில்தான். ‘பிக்சர்ஸ்’, ‘டெஸ்க்டொப்’ இரண்டையும் விண்டோஸ் வழக்கமாய் வைக்கிற இடமே அது. இது தெரியாமல் இருப்பது அம்மம்மாவின் பிழையில்லை. கேட்காமல் அழிக்கிற பழக்கம்தான் பிழை.

அழிப்பது கடைக்காரர் மட்டுமில்லை. 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 மேம்படுத்தல் (1809 என்ற பதிப்பு) சில பேருடைய ஆவணங்களையும் படங்களையும் தானாகவே அழித்தது. நாலு நாளில் அதை நிறுத்திவைத்து, நவம்பர் 13ஆம் திகதிதான் திரும்ப விட்டார்கள். காரணம் இதுதான்: இடம் போதாமல் ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றினவர்களிடம் பழைய ஃபோல்டரிலும் படங்கள் மிச்சம் இருந்தன. மேம்படுத்தல் அந்தப் பழைய ஃபோல்டரைத் தேவையில்லாத இரட்டை என்று நினைத்து உள்ளே இருந்ததோடு சேர்த்து எடுத்துவிட்டது. பாதிப்பைச் சொன்னவர்கள் ஒரு வீதத்தில் நூறில் ஒரு பங்குதான் என்று கம்பனி விளக்கியது. அந்தப் பங்குக்குள் விழுந்த வீட்டுக்கு அந்தக் கணக்கால் என்ன பிரயோசனம்?

எங்கட மாவட்டத்தில் இது இன்னும் கூடுதலாய்க் குத்தும். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது அலுமாரியோடு அல்பங்களும் போயின. 2006இல் மூதூர் கிழக்கு, சம்பூர் ஆட்கள் இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்தது அடையாள அட்டையும் பிள்ளைகளையும்தான். பிறகு லண்டனில் இருக்கிற சித்தப்பாவிடம் ஒன்று, மட்டக்களப்பு மாமியின் கலியாண அல்பத்தில் ஒன்று என்று ஸ்கேன் பண்ணியும் ஃபோனால் எடுத்தும் சேர்த்தவைதான் பல வீடுகளில் ‘பழைய படங்கள்’ என்ற ஃபோல்டராய் இருக்கின்றன. ஏற்கெனவே ஒருதரம் மீட்டெடுத்த படங்கள் அவை. அதுக்கு இரண்டாவது பிரதி இல்லை.

சரி, போய்விட்டது என்றால்? முதலில் அந்த மெசினில் புதிதாய் ஒன்றும் பதியாமல் விடவேண்டும். மேம்படுத்தல் மட்டும் நடந்திருந்தால் சி டிரைவில் ‘விண்டோஸ் டொட் ஓல்ட்’ என்ற ஃபோல்டர் வழக்கமாய் 10 நாள் இருக்கும், பழைய படங்கள் அதற்குள் இருக்கக்கூடும். ‘ஒன்டிரைவ்’ கணக்கையும் பாருங்கள். சிலவேளை படங்கள் அங்கே போயிருக்கும், காணாமல் போகவில்லை. ஃபோர்மட்டே அடித்திருந்தால் டிஸ்கைக் கழற்றி வேறு கொம்பியூட்டரில் போட்டு ‘ஃபோட்டோரெக்’ மாதிரி இலவச மென்பொருளால் தேடலாம். பழைய ஹாட் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. எஸ்.எஸ்.டி. என்றால் குறைவு. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.

இப்படித் தேடிக் கிடைப்பதைப் பார்த்து எல்லாரும் சந்தோசப்படுவார்கள். எனக்கு அங்கேதான் கவலை தொடங்குகிறது. ஃபோட்டோரெக் ஃபோல்டரைத் தேடுவதில்லை. டிஸ்கின் ஒவ்வொரு துண்டிலும் ஜேபெக் படம் தொடங்குகிற அடையாளம் இருக்கா என்று பார்த்து இழுத்தெடுக்கும். அதனால் படம் வரும், ஃபைலின் பெயர் வராது. ‘பெரியப்பா, பிரீமா ஆலை வாசல்’ என்று ஒரு அக்கா இருந்து தட்டின பெயர் போய், ‘எஃப்’ என்ற எழுத்தும் கொஞ்ச இலக்கமும் நிற்கும். ஃபோனால் எடுத்த படத்துக்குள் திகதியாவது இருக்கும். ஸ்கேன் பண்ணின படத்தில் அதுகூட இல்லை, இருந்தாலும் அது ஸ்கேன் பண்ணின நாள்.

கடதாசிப் படத்தின் முதுகில் நீலப் பேனாவால் பெயரும் வருசமும் எழுதியிருப்பார்கள். நாங்கள் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணினோம்! பிறகு ‘பிக்காசா’வில் முகத்துக்கு முகம் பெயர் போட்ட ஆட்கள் இருக்கிறார்கள். கூகிள் அதை 2016இல் கைவிட்டது. படத்தின் கீழே எழுதின குறிப்பு ஜேபெக்குக்குள்ளேயே போகும். ஆனால் அல்பங்களும் முகப் பெயர்களும் பெரும்பாலும் வெளியே தனிக் கோப்புகளில் கிடந்தன. ஃபோர்மட்டில் முதலில் போனது அவைதான்.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் யமமொட்டோ என்ற ஊரில் தொண்டர்கள் சேற்றிலிருந்து ஏறக்குறைய 7,50,000 படங்களை எடுத்துக் கழுவி, டிஜிட்டலாக்கி, சொந்தக்காரர் வந்து பார்க்க வைத்தார்கள். அங்கே முகத்தைப் பார்த்து “இது எங்கட ஆள்” என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். இங்கே அப்படிச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. எங்கட துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் கப்பல்களின் 1940களின் படங்கள் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் கப்பலின் பெயரோடு பட்டியலில் இருக்கின்றன. அதே துறைமுகத்தில் வேலை செய்த எங்கட தாத்தாமாரின் படத்துக்கு ஒரு இலக்கம்தான் மிச்சம் என்றால் கோபம் வராதா?

“கூகிள் ஃபோட்டோஸில போட்டாச்சு” என்பார்கள். நல்லது, போடுங்கள். ஆனால் 2021 யூன் தொடக்கம் இலவச இடம் மொத்தம் 15 ஜி.பி.தான். இரண்டு வருசம் திறக்காத கணக்கை அழிக்கலாம் என்றும் விதி இருக்கு. அங்கே எழுதின விபரம், நீங்கள் மொத்தமாய் இறக்கும்போது படத்துக்கு வெளியே வேறு கோப்பாய் வரும்.

அதனால் நான் கேட்பது இரண்டு. ஒன்று, திருத்துகிற கடைகள் மெசினை எடுக்கும்போது எழுதுகிற துண்டில் ‘படங்கள் எங்கே இருக்கு, பிரதி எடுத்தாச்சா’ என்று ஒரு வரி சேர்க்கவேண்டும், பதில் வராமல் ஃபோர்மட் அடிக்கக்கூடாது. பிரதி எடுக்கத் தனிக்காசு கேட்டாலும் பரவாயில்லை. மற்றது எங்கட வயதுக்காரருக்கு. பெயரை ஃபோல்டரில் எழுதாமல் படத்துக்குள் எழுதுங்கள். விண்டோஸில் ஜேபெக் படத்தை வலது கிளிக் பண்ணி ‘புரொப்பர்ட்டீஸ்’, ‘டீடெய்ல்ஸ்’ போனால் தலைப்பு எழுத இடம் இருக்கு, தமிழிலேயே எழுதலாம். ஃபைல் பெயர் தொலைந்தாலும் படம் முழுசாய்க் கிடைத்தால் அந்த எழுத்தும் கூடவே வரும். அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி ஒரு பின்னேரம் கேட்டால் முப்பது, நாற்பது படம் முடியும், இடையில் சண்டையும் வரும், “அது அவனில்லை, அவன்ர தம்பி” என்று.

எழுதின படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்புங்கள். படமாய் அனுப்பினால் உள்ளே எழுதினதை அது எடுத்துப்போடும்.