விரலுக்குத் தக்க விசை

கருவி மனிதனுக்காக ஆக்கப்பட்டதா, அன்றி மனிதன் கருவிக்காகப் பிறந்தானா என்பது தொழிற்சாலைகளைக் குறித்தும் அலுவலகங்களைக் குறித்தும் பலராலும் எழுப்பப்பட்ட வினாவாகும். விளையாட்டைக் குறித்து அதனை எழுப்பியோர் எம்மிடையே மிகச் சிலரே. விளையாட்டுத்தானே என்னும் அலட்சியம் இதற்குக் காரணம். ஆயினும் வேலைத்தலத்தில் மனிதன் கூலிக்காகக் கருவிக்குப் பணிகின்றான். விளையாட்டிலோ தன் விருப்பினாலேயே கருவியைக் கையில் எடுக்கின்றான். விரும்பி எடுத்த கருவிக்கும் பணிந்தே ஆகவேண்டும் என ஒருவர் விதி செய்வாராயின், அவ்விதி எங்கிருந்து வந்தது, யாருக்கு நன்மை செய்கின்றது என ஆராய்வது எமது கடனாகும்.

இவ்வினாவை இப்பொழுது எழுப்புவதற்கு உடனடிக் காரணம் ஒன்றுண்டு. எமது கரையோர நகரொன்றில் அண்மையில் நடைபெற்ற கணினி விளையாட்டுப் போட்டியில் 'டிசென்ட்' என்னும் பழைய பறப்புச் சுடுகள விளையாட்டு இடம்பெற்றது. பழைய கணினியிலும் தடையின்றி ஓடும் என்பதாலேயே அது தெரிவாயிற்று. தம்பிலுவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை எனப் பல ஊர்களிலிருந்தும் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் வந்திருந்தனர். விளையாட்டுடன் வந்த விசையமைப்பை எவரும் மாற்றலாகாது, மாற்றுவோர் நீக்கப்படுவர் என்பது அங்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. 'எல்லோருக்கும் ஒரே அமைப்பு. அதுவே நீதி' என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். எம்மூர் இளைஞர் ஒருவருக்கு வலக்கையில் இரு விரல்கள் இல்லை. தமக்கேற்ப அமைத்துக்கொண்ட விசைகளைக் கொண்டு எம்மில் எவரையும் வெல்ல வல்லவர் அவர். அன்று முதற் சுற்றிலேயே வெளியேறினார். தோற்றது அவரா, அவ்விதியா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் விளையாட்டின் இயல்பை நோக்குவோம். 'பரலக்ஸ் சொப்ட்வெயார்' ஆக்கி, 'இன்ரர்பிளே' நிறுவனம் 1995 இல் வெளியிட்ட டிசென்ட், சுரங்கங்களினூடே பறந்து இயந்திரப் பகைவரைச் சுடும் விளையாட்டு. அங்கே நிலம் என்றும் வானம் என்றும் ஒன்றில்லை. கலம் முன்பின்னாகச் செல்லும், இடம்வலமாக நகரும், மேல்கீழாக நகரும். அதன் மூக்கு உயர்ந்து தாழும், இருபுறமும் திரும்பும், கலம் தன் அச்சிலே புரளும். ஆக ஆறு வகை அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் இரு திசைகளெனப் பன்னிரண்டு. இவற்றோடு இருவகை ஆயுதங்களையும் இயக்குதல் வேண்டும். மனிதனுக்கோ பத்து விரல்கள்; அவற்றிலும் குறையுடையோர் உளர்.

தொழிற்சாலை தந்த அமைப்பில் அம்புக்குறி விசைகள் கலத்தைத் திருப்புகின்றன. 'ஏ', 'இசட்' விசைகள் முன்னும் பின்னும் செலுத்துகின்றன. 'ஆல்ட்' விசையைச் சேர்த்து அழுத்தினால் அதே அம்புக்குறிகள் கலத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகின்றன. இவ்வழியைக் கைக்கொள்பவன் நகருங்கால் திரும்ப இயலாது; திரும்புங்கால் நகர இயலாது. ஆனால் நகர்ந்துகொண்டே திரும்புவதுதான் இவ்விளையாட்டின் உயிர்நிலை. மேலும், முன்னோக்கியும் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் ஒரே வேளையில் செல்பவனின் வேகம், ஒரே திசையில் செல்பவனின் வேகத்தைப்போல் ஏறத்தாழ 1.73 மடங்காகும், பைதகரசின் தேற்றத்தை அறிந்தோர்க்கு இது விளங்கும். ஆகவே மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தக்கூடிய அமைப்பை உடையவன் முந்துகின்றான். மலிவான விசைப்பலகைகளிற் பல, குறித்த மூன்று விசைகளைச் சேர்த்தழுத்தும்போது மூன்றாவதை உணர்வதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. எந்த விசையை எதற்கு வைப்பது என்பது வெறும் சொகுசு பற்றிய கேள்வியன்று. ஆடமுடியுமா, முடியாதா என்பது பற்றிய கேள்வி. இதனை உணர்ந்தே விளையாட்டை ஆக்கியோர், ஏறக்குறைய எல்லா விசைகளையும் மாற்றியமைக்க இடந்தந்தனர். ஜோய்ஸ்டிக்கையும் மவுஸையும் இணைக்க வழிசெய்தனர். ஆக்கியோர் கொடுத்த உரிமையை நடத்துவோர் பறிப்பது எந்த நீதி?

பறப்புச் சுடுகள விளையாட்டுகளின் வரலாறே விசையை மாற்றியமைத்த வரலாறுதான். 1962 இல் ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், பி.டி.பி.-1 என்னும் கணினியில், ஸ்டீவ் ரசலும் அவர்தம் தோழர்களும் 'ஸ்பேஸ்வோர்' என்னும் விளையாட்டை ஆக்கினர். கணினியின் முகப்பிலிருந்த ஆளிகளைக் கொண்டே கலங்களை இயக்கவேண்டியிருந்தது. முழங்கைகள் நொந்தன, திரை ஒரு பக்கமாக இருந்தமையால் ஒருவருக்குக் காட்சி நன்றாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் அமைந்தது. 'முழங்கை நோவதும் விளையாட்டின் பகுதியே' என அவர்கள் உபதேசிக்கவில்லை. அலன் கொட்டொக்கும் பொப் சோண்டர்சும் கிடைத்த பொருள்களைக் கொண்டு தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தனர். இத்தகைய விளையாட்டு தோன்றியபொழுதே கைக்கேற்ப கருவியைத் திருத்தும் வழக்கமும் உடன் தோன்றிவிட்டது.

மாற்றலாகாது என்னும் கொள்கை பின்னர் எங்கிருந்து வந்தது? காசு போட்டு ஆடும் பொது இயந்திரங்களிலிருந்து வந்தது என்பதே எம் கருத்து. 1981 இல் பரவிய 'டிஃபெண்டர்' இயந்திரத்தில் ஒரு நெம்புகோலும் ஐந்து பொத்தான்களும் இருந்தன. அதன் கடுமை பெயர்பெற்றது. ஆடுபவனுக்கு அவ்வியந்திரம் சொந்தமன்று. எனவே ஒரு பொத்தானையேனும் இடம்மாற்றும் உரிமை அவனுக்கில்லை. விரைவிலே தோற்பவன் விரைவிலே மறு காசு போடுவான். கருவி கைக்கு ஒவ்வாதிருத்தல் முதலாளிக்கு நட்டமன்று. வணிகத் தேவையிற் பிறந்த இம்முறையையே இன்று 'வீரர்க்குரிய ஒழுங்கு' எனப் போற்றுவோர், யாருடைய இலாபத்தை அறமாக்குகின்றோம் எனச் சற்றே சிந்திப்பாராக.

இனி, எதிர்த்தரப்பார் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

'எல்லோருக்கும் ஒரே அமைப்பே சமத்துவம்' என்பது முதலாவது. ஐக்கிய அமெரிக்க வான்படை 1950 இல் 4,063 விமானிகளின் உடலை அளந்தது. கில்பேட் டானியல்ஸ் என்னும் இளம் ஆய்வாளர் அவ்வளவைகளிலே பத்தினைத் தெரிந்து, பத்திலும் சராசரி எல்லைக்குள் அமைவோர் எத்தனை பேர் எனக் கணித்தார். ஒருவர்தானும் இலர். சராசரி விமானிக்கென அமைந்த இருக்கை எந்த விமானிக்கும் உரியதன்று என்பது இதனால் புலப்பட்டது. அதன்பின் இருக்கையும் மிதிகட்டையும் ஆளுக்கேற்ப மாற்றத்தக்கனவாயின. உயிர்போகும் போர் விமானத்திலேயே கைவிடப்பட்ட 'ஒரே அளவு' என்னும் கொள்கையை, எமதூர் மண்டபத்துப் பிளாஸ்டிக் மேசையில் உயிர்ப்பிப்பது நகைப்புக்குரியதன்றோ!

எம்மவர் உயிரென மதிக்கும் கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்க. துடுப்பின் அகலம் 4.25 அங்குலத்தை விஞ்சலாகாது என்று விதியுண்டு. அத்துடுப்பை வலக்கைப் பாங்கிற் பிடிக்கவேண்டும் என்று விதியில்லை. இருந்திருப்பின் குமார் சங்கக்கார என்றொரு துடுப்பாட்டக்காரரை உலகம் கண்டிராது. லசித் மாலிங்கவின் தாழ்ந்த கைவீச்சை 'வழமைக்கு மாறானது' எனத் தடுத்திருப்பின் நட்டம் எமதே. நல்ல விதி விளைவுக்கு எல்லை வகுக்கும். பிடிக்கு எல்லை வகுக்காது.

'பயிற்சி எல்லாவற்றையும் சரிசெய்யும்' என்பது இரண்டாவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானிகள், தரையிறங்கியபின் இறக்கையின் மடிப்புகளை உயர்த்துவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கி விமானத்தை வயிற்றில் வீழ்த்தினர். அவர்கள் பயிற்சியற்றோரல்லர். ஒரே வடிவினவாகிய இரு ஆளிகள் அருகருகே இருந்தமையே காரணம் என அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலாளர் கண்டார். ஓர் ஆளிக்குச் சக்கர வடிவும் மற்றதற்கு ஆப்பு வடிவும் தரப்பட்டன, தவறு நின்றது. மனிதனின் பிழையெனப் பழிக்கப்பட்டது கருவியின் பிழையாயிருந்தது. பயிற்சியின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி என்பது பகைவனின் போக்கைக் கற்பதற்குரியது; கோணலான விசையோடு மல்லுக்கட்டுவதற்குரியதன்று.

'பிடியைப் பின்னிழுத்தால் மூக்கு உயரவேண்டும், அதுவே இயற்கை, மறுதலையாக அமைப்பது அறியாமை' என்பது மூன்றாவது. விமானத்தில் வழங்கிய மரபைத்தான் இவர்கள் இயற்கை என்கின்றனர். 1903 இல் ரைட் சகோதரரின் முதல் விமானத்தை ஓட்டியவர் குப்புறப் படுத்து, இடுப்பை அசைத்து இறக்கைகளை முறுக்கினார். அன்று அதுவும் இயற்கையாகவே தோன்றியிருக்கும். கணினித் திரைக்கும் கைக்கும் இடையில் கம்பியுமில்லை, கயிறுமில்லை. மூக்கை உயர்த்துவதாக எண்ணுபவனுக்கு ஒரு முறை பொருந்தும். பார்வையை உயர்த்துவதாக எண்ணுபவனுக்கு மற்றது பொருந்தும். அவரவர் கை பழகியதே அவரவர்க்கு நேர்.

'ஒரு கலைப்பீட மாணவன் எழுதத்தக்க பொருளா இது?' என முகஞ்சுளிப்போரும் உளர். காரைதீவில் 1892 இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், மறைந்துபோன ஓர் இசைக்கருவியின் நரம்பையும் அமைப்பையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947 இல் 'யாழ் நூல்' தந்தார். எம் கரையிலே கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில், வடசேரியாரும் தென்சேரியாரும் கொளுவி இழுக்கும் கொம்பினை எத்துணைக் கவனத்தோடு தெரிவுசெய்கின்றனர் என்பதை ஊரார் அறிவர். கருவிக்கும் கைக்கும் உள்ள உறவை ஆராய்தல் எம் பண்பாட்டுக்குப் புறம்பானதன்று.

நிற்க. எல்லாவற்றையும் அனுமதிக்க வேண்டும் என நாம் வாதிடவில்லை. விசையை இடம்மாற்றுதல் வேறு. ஒரு விசையை அழுத்த, இயந்திரமே குறிபார்த்துச் சுடுமாறு செய்தல் வேறு. முன்னையதில் ஆடுபவன் மனிதன். பின்னையதில் ஆடுவது இயந்திரம். பின்னையதைத் தடைசெய்க, முன்னையதற்கு வழிவிடுக. எல்லைக்கோடு இவ்வளவு தெளிவாக இருக்க, இரண்டையும் ஒரே குற்றமாகக் கருதுவது சோம்பல்.

தமக்கேற்ற அமைப்பைத் தேடும் நண்பர்க்குச் சில கூறுவோம். ஓயாது பயன்படும் அசைவுகளை வலிமை மிக்க விரல்களுக்குக் கொடுங்கள். ஒருங்கே நிகழவேண்டிய மூன்று நகர்வுகளை வெவ்வேறு விரல்களுக்குப் பகிருங்கள். பெருவிரலைச் சும்மா விடாதீர்கள். மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்கின்றதா எனப் பாருங்கள். உங்கள் விசைப்பலகை எந்த மூன்று விசைகளை ஒருங்கே உணர்கின்றது என்பதை முன்னரே சோதியுங்கள். ஒரே நாளில் யாவற்றையும் மாற்றாது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முதல் மணிநேரத் தடுமாற்றத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறாதீர்கள். விலையுயர்ந்த ஜோய்ஸ்டிக் இல்லையே என வருந்தவும் வேண்டா. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அத்தகைய இறக்குமதிப் பொருள் எம்மிற் பலர்க்கு எட்டாக் கனி. விசைப்பலகையையும் மவுஸையும் கொண்டே சிறந்த அமைப்பை ஆக்கலாம்.

போட்டி நடத்துவோரை நோக்கி எமது கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொருவருக்கும் ஆட்டத்திற்கு முன் பத்து நிமிடம் விசைகளை அமைத்துக்கொள்ள வழங்குக. தம் சொந்தக் கருவியைக் கொண்டுவருவோரைத் தடுக்காதீர்கள். தானியங்கிச் சுடுகையை மட்டும் தடைசெய்து, அதனைத் தமிழில் தெளிவாக எழுதி முன்கூட்டியே அறிவியுங்கள். இவற்றுக்குச் சதச் செலவும் இல்லை.

இக்கோரிக்கை எம் கரைக்குச் சிறப்பாக உரியது. நீண்ட போர் இங்கே பலரின் கைகால்களைக் கொண்டுபோயிற்று. 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தப்பியோரிலும் காயமுற்றோர் பலர். உலகின் பெரும் வணிக நிறுவனங்கள்கூட இன்று இத்தகையோரை நினைத்துள்ளன: மைக்றோசொப்ட் 2018 இலும் சொனி 2023 இலும், உடற்குறையுடையோர் தமக்கேற்பக் கூட்டியமைக்கத்தக்க கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சந்தைக்கு விட்டன. இலாபம் தேடுவோர் கண்ட உண்மையை, அயலவர் நலம் பேசும் நாம் காண மறுப்பதா? எல்லோர் கையிலும் ஒரே விசையைத் திணித்துவிட்டு அதனைச் சமத்துவம் என்று அழைக்கவேண்டாம். எல்லோரும் ஒரே களத்தில் நின்று ஆடத்தக்கதாக, அவரவர் விரலுக்குத் தக்க விசையை அவரவரிடமே விடுங்கள். அதன்பின் வெல்பவனே வென்றவன். தோற்பவனும் மனநிறைவோடு தோற்பான்.