யாருக்குப் போட்ட ஊசி, யார் கையில்?

காய்ச்சல், சளி, உடம்பு வலி, எதுவானாலும் ஊசி. "ஊசி போடலன்னா அவரு என்ன டாக்டரு?" என்கிற பேச்சு நம் சேரியிலும் உண்டு. ஜனங்களின் அறியாமை என்று மேடையில் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாளைக்குக் கூலிக்குப் போயாகணும் என்கிற அவசரம் ஒருபக்கம். ஊசி போட்டால் கூடுதல் காசு என்கிற கணக்கு மறுபக்கம். மருந்தை விழுங்க முடிகிறவருக்குச் சாதாரண நோய்களில் ஊசி பெரும்பாலும் தேவையே இல்லை. குளுக்கோஸ் ஏத்துறதும் அப்படித்தான். 1971இல் வங்கதேச அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே காலராவிலிருந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டார்.

தேவையில்லாத மருத்துவத்தைக் குறைக்கணும் என்று இப்போது படித்தவர்கள் பேசுகிறார்கள். செலவு மிச்சம், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்கள். நல்லதுதான், பேசட்டும். ஆனால் போட்ட ஊசி அப்புறம் எங்கே போகிறது, அதை அள்ளுகிற கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மருத்துவக் கழிவு விதிகள் 1998இல் வந்தன; 2016இல் புதிதாக எழுதப்பட்டன. ஊசிமுனையைக் குத்திக் கிழிக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போடணும். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி போடும் பொறுப்பு ஆஸ்பத்திரிக்கு. எழுத்தில் குறையில்லை. ஆனால் காண்ட்ராக்ட்காரர் மாறினால் ஆளும் மாறுகிற இடத்தில், யாருக்குப் போட்டார்கள் என்று யார் கணக்கு வைப்பது? சின்ன கிளினிக்கின் ஊசி காகிதத்தில் சுருட்டி ஊர்க் குப்பையில் விழுந்தால் அங்கே அந்த வெள்ளைப் பெட்டியும் இல்லை. நோய் உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ்-பி தொற்ற 100க்கு 30 வரை வாய்ப்பு, ஹெச்.ஐ.வி.க்கு 1000க்கு 3.

குத்தினதை வெளியே சொல்வதும் இல்லை. "சொன்னா நாளைக்கு வேற ஆளப் போட்ருவாங்கண்ணே" என்றார் ஆஸ்பத்திரிக் குப்பை அள்ளும் ஒரு அக்கா.

2009இல் குஜராத்தின் மொடாசாவில் ஹெபடைட்டிஸ்-பி பரவிப் பல உயிர்கள் போயின. பயன்படுத்திய ஊசிக்குழாய்கள் மறுபடி விற்பனைக்கு வந்தது அம்பலமானது. நோயாளிக்கு ஆபத்து என்றதும் நாடே பதறியது. பதறணும்தான். குப்பைக்குள் கைவிடுகிறவருக்கு மட்டும் அந்தப் பதற்றம் ஏன் வரவில்லை?

மருத்துவர்களே, சீட்டில் ஊசி என்று எழுதுமுன் அந்தக் கையையும் நினையுங்கள். நம் தோழர்கள் அவரவர் ஊர் ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள்: காண்ட்ராக்ட் துப்புரவுத் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு மூன்று தவணைத் தடுப்பூசியும் போட்டாச்சு? பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.