வாடல் நோயைக் காட்டிக் கொடுக்கும் வைரஸ்

தக்காளி, கத்தரிச் செடி காலையில் பச்சையாக நிற்கும். வெயில் ஏறியதும் தலை தொங்கும். சில நாட்களில் இலை மஞ்சளாகாமலே செடி மடிந்து போகும். பூசண வாடல் என்று கருதி, உழவர்கள் பூசணக்கொல்லி வாங்கி வேரில் ஊற்றுகிறார்கள். காரணம் ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவாக இருந்தால் பூசணக்கொல்லி என்ன செய்யும்? மருந்துக் காசு போனது போனதுதான்.

வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் படும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். காசு செலவில்லாத சோதனை. ஆனால் நோய் முற்றிய செடியில்தான் இது பலிக்கும். நாற்றிலும் பாசன நீரிலும் மறைந்திருக்கும் கிருமியை இது காட்டாது. விலைக்கு வாங்கிய நாற்றோடு நோயும் சேர்ந்து வயலுக்குள் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் பேஜ் என்னும் வைரஸ் உதவக்கூடும். இது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். 1915இல் இங்கிலாந்தில் டுவார்ட்டும், 1917இல் பாரிசில் டி ஹெரெல்லும் இதைப் பற்றி எழுதினார்கள். தனக்குரிய பாக்டீரியாவை மட்டுமே இது பற்றும். பயிரையோ மனிதரையோ தாக்காது. பற்றியதும் தன் மரபுப் பொருளை அதனுள் செலுத்தும். அந்த மரபுப் பொருளில் மின்மினிப் பூச்சியின் ஒளி தரும் மரபணுவைச் சேர்த்துவிட்டால், ஒளிக்கான நொதியைப் பாக்டீரியாவே தயாரிக்கும். உரிய வேதிப்பொருளை விட்டதும் ஒளி தோன்றும். அதைக் கருவி அளந்து சொல்லும். செத்த கிருமி ஒளிராது என்பது இதன் தனிச் சிறப்பு. அமெரிக்க விஞ்ஞானிகள் 1993இல் காசநோய்க் கிருமியில் இப்படிச் செய்து காட்டினார்கள். ஆப்பிள், பேரி மரங்களைக் கருக்கும் எர்வினியா கிருமிக்கு, கடல் பாக்டீரியாவின் ஒளி மரபணுவைக் கொண்டு சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் ஒரு பேஜை உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள்.

ஆப்பிளுக்குச் செய்தவர்கள் செய்துவிட்டார்கள். கத்தரிக்கும் தக்காளிக்கும் இஞ்சிக்கும் நாம்தான் செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அவசரம் கூடாது. ரால்ஸ்டோனியாவில் பல வகைகள் உண்டு. ஒரு பேஜ் எல்லா வகையையும் பற்றாது. பற்றாத வகை நாற்றில் இருந்தால் ஒளி வராது. நாற்று சுத்தமானது என்று நம்பி நட்டுவிடுவோம். சோதிக்காமல் நடுவதைவிட இது மோசம். எனவே நம் மாவட்டங்களின் கிருமி வகைகளை முதலில் திரட்டி, பல பேஜ்களைக் கலந்து பார்த்த பிறகே உழவரிடம் கொண்டு வர வேண்டும்.

மரபணு மாற்றிய வைரஸ் என்றதும் சிலர் அஞ்சுகிறார்கள். இதை வயலில் தெளிக்கப் போவதில்லை. சோதனைக் குழாயோடு சரி. 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதியும் பெற வேண்டும். என் கவலை வேறு. ஏற்றுமதி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இக்கருவி இருந்தால் சிறு விவசாயிக்கு என்ன பயன்? வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருக்க வேண்டும். நாற்றங்கால்காரர் விற்பதற்கு முன்பே சோதித்துச் சீட்டுத் தர வேண்டும்.

அதுவரை தம்ளர் சோதனையைச் செய்துவிட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். எங்களிடம் செடி கொண்டு வருபவர்கள் வேரோடு பிடுங்கி, தாளில் சுற்றி, அன்றே கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் மூன்று நாள் புழுங்கி அழுகிய இலையை வைத்துக்கொண்டு என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியாது.